ரேவாவின் மலை

பிப்ரவரி 5, திங்கள்

வகுப்பு உதவியாளராக இன்று முதல் நாள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் ஒரே அறையில். மிருதுளாவும் அதில் ஒருத்தி. மகள் படிக்கும் வகுப்பிலேயே தாயைப் போடலாமா என்று தலைமையாசிரியை லொரெய்ன் யோசித்தாராம். வேறு ஆள் கிடைக்கவில்லை. இந்தப் பருவம் முடியும்வரை தற்காலிகம். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

பவானியில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் இங்கே பென்சில் சீவுகிறேன். இருக்கட்டும். வீட்டுக்காரர் இங்கே பால்மாவு ஆலை வேலைக்குப் போனபின் மூன்று வருஷமாக வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

வகுப்பாசிரியர் தாமாதி. மாவோரிக்காரர், இந்த நாட்டுப் பூர்வகுடி. முப்பது வயதிருக்காது. பிள்ளைகள் அவரை 'மாத்துவா' என்கிறார்கள், நாம் ஐயா என்பது போல. என்னை 'ஃபையா கோமதி'. அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு மரியாதைச் சொல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வெயிலுக்கு இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 8, வியாழன்

ஏப்ரல் 4 அன்று வகுப்பு முழுவதும் ஒரு மராய்க்குப் போகிறது. மராய் என்பது ஒரு மாவோரிக் குலத்துக்குச் சொந்தமான பொது இடம். கூடுவதற்கு ஒரு பெரிய வீடு, முன்னால் புல்தரை. அதற்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைத்தால்தான் நடக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்புக் கூடாது. சாப்பிடும் மேசைமேல் ஏறி உட்காரக் கூடாது. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. எல்லாம் எனக்குப் பழக்கமானதுதான். வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் விழிக்கிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் அங்கே எழுந்து நின்று தன்னைச் சொல்ல வேண்டும். பெபெஹா என்று பெயர். என் மலை இது, என் ஆறு இது, என் மக்கள் இவர்கள், கடைசியில்தான் என் பெயர். மாவோரிப் பிள்ளைகள் தங்கள் குலத்து மலையைச் சொல்வார்கள். மற்றவர்கள் தாங்கள் வந்த ஊரைச் சொன்னால் போதும்.

மிருதுளாவுக்கு ஊராட்சிக்கோட்டை மலை, பவானி ஆறு. ஒரே நாளில் பாடம். 'ங' ஒலியில் தொடங்கும் சொற்கள் இந்த மொழியில் நிறைய. சொல்லின் முதலில் அதை நாம் அரிச்சுவடியில் மட்டுமே பார்த்திருக்கிறோம். வகுப்பில் அவள் நாக்குக்குத்தான் அது சட்டென்று வந்தது. மாத்துவா கைதட்டினார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரேவா என்று ஒரு பெண். பன்னிரண்டு வயது. மாவோரிக்காரி. பெற்றோர் உடன் இல்லை, அரசின் பொறுப்பில் இருப்பவள். இப்போது இருப்பது ஐந்தாவது வளர்ப்பு வீடாம். ஜூடித் என்ற வெள்ளைக்காரம்மா இவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறார். யார் தொட்டாலும் தோளைச் சிலுப்பிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக் கொடுத்தபோது மட்டும் நகராமல் இருந்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எலுமிச்சைச் சாதத்தில் பாதியை ரேவா தின்றுவிட்டாள். நானாகத்தான் கொடுத்தேன்.

சாப்பிட்டு முடித்து, விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்: "ஃபையா, மலை இல்லாதவங்க என்ன சொல்லணும்?"

"எல்லாருக்கும் ஒரு மலை இருக்கும்."

"எனக்குத் தெரியாது. அப்பா பேரு மட்டும் தெரியும். அவரு செத்துட்டாரு. அம்மா எங்கன்னு யாருக்கும் தெரியாது. ஃபைல்ல பாத்தீங்கன்னா அந்த இடத்துல கோடு போட்டிருப்பாங்க."

பாவமாக இருந்தது. மாத்துவாவிடம் சொன்னேன். "தேடிக்கிட்டிருக்கேன்னு சொன்னாப் போதும். அதுவும் ஒரு பெபெஹாதான். அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றார். அதை ரேவாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மார்ச் 1, வெள்ளி

மாத்துவா இன்று பலகையில் நாங்கள் போகப்போகும் மராயை வரைந்தார். அதன் பின்னால் புகேமாரு மலை, பக்கத்தில் வைகெரே ஆறு. அங்கே இருப்பவர்கள் அந்த மலையின் மக்கள். தங்கள் செத்தவர்களை அதன் அடியில்தான் புதைத்திருக்கிறார்கள். "அவங்க முன்னால அந்தப் பேரை மரியாதையாச் சொல்லணும்" என்றார். நான் பலகையைப் பார்த்துப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அவர்கள் பேசி முடித்ததும் நம் பக்கம் ஒரு பாட்டுப் பாட வேண்டும். முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டும். மிருதுளாவைத்தான் நிறுத்தியிருக்கிறார். அன்று லொரெய்னும் நிர்வாகக் குழுவினரும் வருகிறார்கள். இவர் ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மார்ச் 6, புதன்

மிருதுளாவுக்குக் கறுப்புப் பாவாடை தைத்தேன். தேன் கலந்த வெந்நீர் தினமும் இரண்டு வேளை.

மார்ச் 11, திங்கள்

பயிற்சியின்போது மிருதுளாவுக்கு இருமல். ஒரு தடவைக்கு ரேவாவைப் பாடச் சொன்னார் மாத்துவா. பாடினாள். பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைத் திறந்து வந்து நின்றார். 

"இனிமே நீதான் ரேவா" என்றார் மாத்துவா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிருதுளாவை இரண்டாம் வரிசைக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குழந்தை தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். "இருமல் நின்னதும் திருப்பித் தரேன்னு சொல்லலாமில்லம்மா?" என்றாள். அதுதான் நியாயம்.

மார்ச் 12, செவ்வாய்

தலைவலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 14, வியாழன்

வகுப்புத் தபாலைப் பிரிப்பது என் வேலை. 'ரேவாவின் ஆசிரியருக்கு' என்று ஒரு கடிதம். மெரே என்ற பெண் தெற்குத் தீவிலிருந்து எழுதியிருக்கிறாள். ரேவாவின் அப்பாவுடன் பிறந்தவள். அத்தை. ஏழு வருஷமாகக் குழந்தையைத் தேடுகிறாளாம். அலுவலகங்களில் பதில் கிடைக்கவில்லை. பள்ளிச் செய்திமடலில் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாளாம். குலத்தின் பெயர், மலை, ஆறு, பாட்டியின் பெயர் எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருந்தாள். பெயர்களை இங்கே எழுதவில்லை, அடுத்தவர் கடிதம். 'அவள் என்னைப் பார்க்க விரும்பினால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வந்துவிடுகிறேன். விரும்பாவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று முடித்திருந்தாள்.

மாத்துவாவுக்கு இன்று பேச நேரமே இல்லை. இப்படிப்பட்ட விஷயத்தை அவசரத்தில் கொடுக்கக் கூடாது. விழா முடிந்து, அமைதியாக ஒரு நாள் பார்த்துக் கொடுக்கலாம். குழந்தையின் மனம் இப்போது கலங்கினால் பாட்டுக் கெட்டுவிடும். அவள் நல்லதற்குத்தான்.

மார்ச் 18, திங்கள்

கார்ச் சாவியைத் தேடி என் கைப்பையில் கைவிட்டார் இவர்.

"ஏம்மா கோமதி, இது யாரு லெட்டரு?"

"பள்ளிக்கூடத்துதுங்க."

"பள்ளிக்கூடத்துது இங்கெதுக்கு?"

"நாளைக்குக் குடுக்கணுங்க."

அவர் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். புடலங்காய் விதை முளைத்திருக்கிறது, நான்கு.

மார்ச் 21, வியாழன்

மதியம் ரேவா வந்தாள். மிருதுளா என் பக்கத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபையா, தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்ல எனக்குப் பிடிக்கல. எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. நான் வேற முன்னால நிக்கப்போறேன்."

"அப்ப ஒரு மலையச் சொல்லு."

"எந்த மலை?"

சுவரில் வட்டார வரைபடம் இருந்தது. ஒரு மலையைக் காட்டினேன். "இது நம்ம பக்கத்து மலைதானே. நீயும் இங்கதானே இருக்கே. இதுல என்ன தப்பு?"

"சொல்லலாமா? நெஜமாவா?"

"ஏன் கூடாது?"

புகேமாரு, வைகெரே என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மாத்துவாவிடம் காட்டப் போனாள். நான்தான் நிறுத்தினேன். அன்றைக்கே சொல்லட்டும், அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன். அவள் சிரித்தாள். கடைவாயில் ஒரு பல் இல்லை.

வரைபடத்தில் எந்த மலை யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 27, புதன்

ஒத்திகை. பெபெஹா முறை வந்தபோது ரேவா, "என்னோடது அன்னைக்குத்தான்" என்றாள். மாத்துவா வற்புறுத்தவில்லை. அவள் பையில் பேனாவால் ஒரு மலை வரைந்திருக்கிறாள். உச்சியில் மேகம்.

ஜூடித் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்பல்லாம் ரேவா ராத்திரி நல்லாத் தூங்குறா. நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க. நன்றி."

ஏப்ரல் 4, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

காலை எட்டுக்குப் பேருந்து. பனிமூட்டம். ரேவாவின் பாவாடை யாரோ பெரிய பெண்ணுடையது, தரையில் புரண்டது. மண்டியிட்டு ஊசி குத்திச் சரிசெய்தேன். "நன்றி ஃபையா" என்று என் தலையைத் தொட்டாள். தலையைத் தொடுவது இவர்களிடம் பெரிய விஷயம், சட்டென்று செய்யக் கூடாது. உடனே கையை எடுத்து மன்னிப்புக் கேட்டாள்.

மராய் வாசலில் காத்து நின்றோம். வீட்டின் முன்னாலிருந்து ஒரு வயதான பெண்மணி குரல் கொடுத்தார். ஹீனி என்று பெயர். அது பாட்டுமில்லை, அழுகையுமில்லை. எங்கள் பக்கமிருந்து, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாவோரிப் பெண் பதில் குரல் கொடுத்தார். மெதுவாக நடந்தோம். இருபத்தாறு பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அவர்கள் பேசினார்கள், நம்மவர் பேசினார், ரேவா பாட்டை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லொரெய்ன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய வீட்டுக்குள் உட்கார்ந்தோம். சுவர் முழுக்க இறந்தவர்களின் படங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மிருதுளா ஊராட்சிக்கோட்டை என்றதும் எல்லோரும் ரசித்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அடுத்தது ரேவா.

"கோ புகேமாரு தே மௌங்கா. கோ வைகெரே தே அவா." என் மலை புகேமாரு, என் ஆறு வைகெரே.

ஹீனி எழுந்தார். தடியை விட்டுவிட்டு நடந்து வந்து ரேவாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"நம்ம புள்ளையா நீ? எங்க இருந்தே இத்தனை நாளா?"

இன்னும் நான்கைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி சுவரில் ஒரு படத்தைக் காட்டி, "அந்த மூக்கப் பாருங்க, அப்படியே இருக்கு" என்றாள். இன்னொருத்தி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். ரேவாவைத் தொட்டார்கள், தடவினார்கள். அவள் தோளைச் சிலுப்பவில்லை. அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிஷம்.

"உங்க பாட்டி பேரு என்ன கண்ணு?"

"தெரியாது."

"அம்மா?"

"தெரியாது. அப்பா பேரு தெரியும்." சொன்னாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்த கிழவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பேரு இங்க கிடையாது. அது தெற்கு ஆளுங்க பேரு. உன் மலை இதுதான்னு யாரு சொன்னாங்க?"

ரேவா என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். லொரெய்னும்.

"ஃபையா சொன்னாங்க."

"நானா?" என்றேன். "நான் வரைபடத்தைத்தான் காட்டினேன். அவளா எடுத்துக்கிட்டா போல."

"நீங்கதான் சொல்லச் சொன்னீங்க."

"இல்லையே ரேவா." அவள் தோளில் கை வைத்தேன். "பரவாயில்ல. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உண்மையச் சொல்லிடு."

ஹீனி அவள் முகத்திலிருந்து கையை எடுத்தார். "பரவாயில்ல கண்ணு" என்றுதான் சொன்னார், ஆனாலும் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த படத்தின் முன் போய் நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கடைசிப் பாட்டுக்கு ரேவா எழுந்திருக்கவில்லை. மாத்துவா மிருதுளாவைப் பார்த்தார். மிருதுளா நன்றாகப் பாடினாள். ஓர் இடத்தில்கூட இருமவில்லை.

பேருந்தில் மாத்துவா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெஜமாவே நீங்க சொல்லலியா?"

"இல்ல மாத்துவா."

"சரி" என்றார். ஊர் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் தலை பின்னும்போது மிருதுளா கேட்டாள்.

"அம்மா, நீங்கதான அந்த மலையக் காட்டுனீங்க?"

"காட்டுனேன் அம்மணி. சொல்லச் சொன்னேனா?"

யோசித்தாள். "சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னா? ஒனக்கு ஒழுங்காக் கேக்கல. நீ படம் வரஞ்சுட்டிருந்த."

"ஆமா," என்றாள் கொஞ்சம் கழித்து. "நான் வரஞ்சுட்டிருந்தேன்."

ஏப்ரல் 8, திங்கள்

பிள்ளைகள் ரேவாவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மலைத்திருடி. அவள் இருக்கையில் கூழாங்கற்களைக் குவித்து வைத்து, "இந்தா ஒன் மலை" என்றார்கள். கற்களைப் பொறுக்கித் தோட்டத்தில் போட்டேன். யார் வைத்தது என்று விசாரிக்கவில்லை. மிருதுளாவின் கால்சட்டைப் பையில் மண் இருந்தது. துவைத்துவிட்டேன்.

ரேவா என்னிடம் சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

ரேவா நாற்காலியைத் தூக்கி எறிந்தாள். ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒரு பையனுக்குக் காதருகே இரண்டு தையல். அவள் அழவில்லை, "நான் பொய் சொல்லல, நான் பொய் சொல்லல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். லொரெய்ன் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். 'உண்மைக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் தெரியாத குழந்தை. அன்பு தேவை' என்று எழுதினேன். அன்பு என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

ஜூடித் இனிமேல் அவளை வைத்திருக்க முடியாது என்றுவிட்டாராம். மற்ற இரண்டு பிள்ளைகளும் பயப்படுகிறார்களாம். காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து கூட்டிப் போனது. எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. அது விதியாம்.

ஏப்ரல் 12, வெள்ளி

பருவத்தின் கடைசி நாள். லொரெய்ன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை நிரந்தரம். "மராய்ல அவ்வளவு நெருக்கடியிலயும் நீங்க நிதானமா இருந்தீங்க" என்றார். வீட்டில் கேசரி செய்தேன். இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "அந்த லெட்டரக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். குடுத்துட்டேனுங்க என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

விடுமுறை முடிந்து இரண்டாம் நாள். பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆண்கள் போடும் மழைக்கோட்டு. மெரே. கப்பலிலும் பேருந்திலுமாக இரண்டு நாள் பயணம் செய்து வந்திருக்கிறாள். மாத்துவா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் பேசினேன்.

ரேவா போய்விட்டாள் என்றதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தேநீர் கொடுத்தேன்.

"லெட்டர் போட்டிருந்தேன். பதில் வரல. சரி, அவளுக்கு என்னப் பிடிக்கல போலன்னு இருந்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அவ வாயாலயே போன்னு சொல்லட்டும்னு வந்தேன்." பிறகு கேட்டாள்: "லெட்டர் வந்துச்சுதானே?"

"இங்க எந்த லெட்டரும் வரல."

அவள் அழுதாள். அழுகையினூடே சிரிப்பும் வந்தது. "அப்ப அவ வேண்டாம்னு சொல்லல."

"இல்ல," என்றேன்.

ரேவா எங்கே உட்காருவாள் என்று கேட்டாள். காட்டினேன். அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மேசையைத் தடவினாள். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். "ஏதாவது தெரிஞ்சா..." என்றாள். கட்டாயம் என்றேன். போகும்போது என் கையைப் பிடித்து, "அவள நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதா ஆபீசுல இருக்கிற அந்தம்மா சொன்னாங்க. நன்றி" என்றாள்.

மே 1, புதன்

பழைய தாள்களையெல்லாம், கைப்பையில் இருந்ததையும் சேர்த்து, தாள் வெட்டும் இயந்திரத்தில் போட்டேன். மேசை சுத்தமாக இருக்கிறது.

மே 22, புதன்

ரேவாவிடமிருந்து கடிதம், என் பெயருக்கு. பின்பக்கம் முகவரி இருந்தது. இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர். உள்ளே பென்சில் எழுத்து, நிறைய அழித்து எழுதியது.

'அன்புள்ள ஃபையா, நான் உங்கள் மேல் பழி போட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் வாரா வாரம் பேசுகிறேன். சில சமயம் ரொம்ப ஆசைப்படுவது நடந்தது போலவே தோன்றும் என்று அவர் சொன்னார். அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் மட்டும்தான் என்னிடம் நன்றாக இருந்தீர்கள். இந்தப் பள்ளியிலும் பெபெஹா கேட்கிறார்கள். அடுத்த வாரம் சொல்ல வேண்டும். நான் என்ன சொல்லட்டும்? இந்தத் தடவை நீங்கள் சொல்வதைச் சரியாகக் கேட்டுக்கொள்வேன். ரேவா.'

இரண்டு தடவை படித்தேன். மெரேயின் எண் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவள் எழுதியிருந்த மலையின் பெயரும் ஆற்றின் பெயரும் எனக்கு மனப்பாடம். மறக்க முயன்றும் போகவில்லை. ஆனால் இப்போது சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மே 24, வெள்ளி

மிருதுளாவுக்குக் கணக்கில் முழு மதிப்பெண். புடலைக் கொடியைப் பனி கருக்கிவிட்டது.

ரேவாவுக்குப் பதில் அனுப்பினேன். பூப்போட்ட நல்ல அட்டை. நான் உன்னை மன்னித்துவிட்டேன், நன்றாகப் படி, டாக்டரம்மா சொல்வதைக் கேள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அட்டையில் அதற்கு மேல் இடம் இல்லை.